ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை எத்தனை வருடம் இருப்பான்? பாலக்கோட்டிலிருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும். உங்கள் அக்கா மகனுக்கு 6 வயது. வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே காலில் நீலத் திட்டுகள். தர்மபுரியில் ரத்தம் பார்த்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா) என்ற ரத்தப் புற்றுநோய், பி செல் வகை என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை அணு 18,000. ஊரில் பெரியவர்கள் "ரத்தத்துல வந்துட்டா அவ்வளவுதான், நெலத்தை வித்துக் கெட்டுப் போகாதீங்க" என்கிறார்கள். எந்த ஸ்டேஜ், எத்தனை வருடம் இருப்பான், நிலத்தை விற்கலாமா, வீட்டில் இருக்கும் 3 வயதுத் தங்கைக்கும் சோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பென்னாகரம் பக்கத்துக்காரி. ரத்தப் புற்றுநோய் வார்டில் செவிலியராக நெடுங்காலம் வேலை பார்த்தவள். மருந்து அளவைப் பற்றி நான் பேச மாட்டேன், அது உங்கள் டாக்டரின் வேலை. நோய் எப்படிப் போகும், எங்கே குடும்பங்கள் சறுக்குகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அக்கா மகன் பிழைத்து, வளர்ந்து, கல்யாணம் செய்துகொள்ள நல்ல வாய்ப்புள்ள பிள்ளை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஒன்றிலிருந்து பத்து வயதுக்குள் இருப்பது, கண்டுபிடித்த நாளில் வெள்ளை அணு 50,000-க்குக் கீழே இருப்பது, இந்த இரண்டும் ஏ.எல்.எல்.-இல் நல்ல அறிகுறிகள். அவனுக்கு இரண்டும் இருக்கின்றன. மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்த 1962-இல், இதே நோய் வந்த நூறு பிள்ளைகளில் நான்கு பேர்தான் பிழைத்தார்கள். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த காலம் வேறு.

இந்த "ஐந்து வருடம்" என்ற பேச்சை நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொண்டு கதறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடம்தான் உயிரோடு இருப்பான் என்று அதற்குப் பொருள் இல்லை. நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை நடக்கும்போதோ, அது முடிந்த முதல் இரண்டு மூன்று வருடத்திலோ திரும்பும். அதனால் டாக்டர்கள் ஐந்தாம் வருடத்தில் நின்று தலை எண்ணுகிறார்கள். அதைத் தாண்டிய பிள்ளைக்குத் திரும்ப வருவது அரிது. எத்தனை வருடம் இருப்பான் என்று டாக்டரிடம் கேட்டால் அவர் நேராகப் பதில் சொல்லாமல் நழுவுவதாகத் தோன்றும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இவன் எந்த ரிஸ்க் குரூப்? மாதக் கடைசி மஜ்ஜை டெஸ்ட் எப்படி இருந்தால் நல்லது?" அப்போது தெளிவாகப் பேசுவார்.

ஸ்டேஜ் கேட்டீர்கள். வாயில், மார்பில் வருகிற கட்டிக்குத்தான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிலை உண்டு. இது ரத்தம் ஊறுகிற மஜ்ஜையிலேயே பிறப்பதால் முதல் நாளே உடம்பு முழுக்க இருக்கும். "நாலாவது ஸ்டேஜாம்" என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். இதில் பார்ப்பது ரிஸ்க். அதை வயது, வெள்ளை அணு, புற்றணுவின் குரோமோசோம் மாற்றங்கள், மருந்துக்கு உடம்பு எவ்வளவு சீக்கிரம் இணங்குகிறது என்ற நான்கையும் வைத்துப் பிரிப்பார்கள். நான்காவதுதான் எல்லாவற்றிலும் கனமானது. அதனால்தான் முதல் மாதம் முடிகிறபோது எடுக்கும் மஜ்ஜைப் பரிசோதனை அவ்வளவு முக்கியம். எம்.ஆர்.டி. என்று ஒரு எண் தருவார்கள், மருந்துக்குப் பிறகும் மீதமிருக்கும் நோயின் அளவு அது. பத்தாயிரம் அணுக்களில் ஒரு புற்றணு இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். 0.01 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நல்ல செய்தி. மேலே இருந்தால் மருந்தைக் கூட்டுவார்கள். கை விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புகிற விஷயம். பத்துக்கு ஒன்பது என்ற கணக்கு, சிகிச்சையை முழுதாக முடித்த பிள்ளைகள் நிறைந்த நாடுகளின் கணக்கு. நம் நாட்டில் அது குறைகிறது. நம்மிடமும் மருந்துகள் பெரும்பாலும் அதே மருந்துகள்தான். குறைவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: பாதியில் நிறுத்திவிடுவது, காய்ச்சல் வந்த பிறகு தாமதமாக வருவது. இரண்டும் ஆஸ்பத்திரிக்கு வெளியே, உங்கள் வீட்டுக்கும் பெங்களூருக்கும் நடுவில் நடப்பவை. பிள்ளையின் புற்றணுவை நீங்கள் மாற்ற முடியாது. இந்த நடுவழியை மாற்ற முடியும், அதிலும் தாய்மாமன் நீங்கள் இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது நிச்சயம் முடியும்.

பாதியில் நிறுத்துவது ஏன் நடக்கிறது தெரியுமா? பணம் மட்டும் காரணமில்லை. முதல் மாதக் கீமோ முடிந்ததும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு மேல் நோய் அடங்கிவிடும். முகம் தெளியும், நன்றாகச் சாப்பிடும், ஓடும். "புள்ளைக்குச் சரியாயிடுச்சு, இன்னும் எதுக்கு ஊசி?" என்று வீட்டில் பேச்சு எழும். அந்த நேரம் பார்த்து மாங்காய் சீசன் வரும், ஊரில் திருவிழா வரும், அப்பாவுக்கு மேஸ்திரியிடமிருந்து போன் வரும். ஒரு தவணை தள்ளிப்போகும், பிறகு இன்னொன்று. அடுத்து அந்தப் பிள்ளை வருவது நோய் திரும்பிய பிறகுதான். என் வேலையில் என்னை அதிகம் அழவைத்தவர்கள் இப்படித் திரும்பி வந்த பிள்ளைகள்.

ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நோய் கண்டுபிடிக்கும் நாளில் உடம்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் "இல்லை" என்று தெரிகிற அளவுக்கு அடங்கிய பிறகும் ஆயிரம் கோடி வரை மறைந்திருக்கலாம். கோரைப் புல்லை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டால் அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிழங்கைத் தோண்டத்தான் மீதி சிகிச்சை. முதல் மாதம் கடுமையான கட்டம், அடுத்து ஆறேழு மாதம் விட்டு விட்டுப் பலமான மருந்துகள், அதன் பின் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் நீண்ட கட்டம். மொத்தம் இரண்டரை வருடத்திலிருந்து மூன்று வருடம் ஆகும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மாத்திரைக் கட்டத்தைச் சுருக்கிப் பார்த்த ஆராய்ச்சிகளில் நோய் அதிகமாகத் திரும்பியது. அதனால்தான் அது அவ்வளவு நீளம்.

அந்தக் கட்டத்தில் ஒரு ஆபத்தை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். மெர்காப்டோபியூரின் தினமும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். இரண்டும் சின்ன மாத்திரைகள், ஒரே கவரில் வரும். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் வாய் முழுக்கப் புண்ணாகி, கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், காலண்டரில் சிவப்பு வட்டம் போடுங்கள், அந்த மாத்திரையைத் தனி டப்பாவில் வையுங்கள். பாட்டி கையால் கொடுப்பதாக இருந்தால் பாட்டிக்கும் காட்டிக் கொடுங்கள்.

இரண்டாவது, காய்ச்சல். கீமோ புற்றணுவோடு சேர்த்துக் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் விழவைக்கும். அவற்றில் முக்கியமான நியூட்ரோஃபில் என்ற அணு 500-க்குக் கீழே போன பிள்ளைக்கு, சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி காட்டினால் கிளம்பிவிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். பெங்களூர் வெகு தூரம். இரவில் அவ்வளவு தூரம் முதலில் ஓட வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை கீமோவில் இருக்கிறான் என்று வாசலிலேயே சொல்லுங்கள். ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். பெங்களூர் டாக்டரின் எண்ணை அங்கிருப்பவர்களிடம் கொடுத்துப் பேசவைக்கலாம். ஒருநாள் தேவைப்படும் என்று நினைத்து, சிகிச்சைச் சுருக்கமும் கடைசி கவுண்ட் ரிப்போர்ட்டும் அடங்கிய பைலை இன்றே ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

ஊரில் இருக்கும் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணு குறைவாக இருக்கும்போது உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். புரூஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரையும் கூடாது. பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்து இவன் அங்கே விளையாடியிருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தடுப்பு மருந்து சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன். அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், போனையும் செய்யுங்கள்.

முதல் மாதத்தில் பிள்ளை மாறிப்போவான். ஸ்டீராய்டால் முகம் உப்பும், நடு இரவில் சோறு கேட்பான், காரணமில்லாமல் கோபப்பட்டு அடிப்பான். வின்கிரிஸ்டின் ஊசியால் மலச்சிக்கலும் தாடை வலியும் கால் தளர்ச்சியும் வரும். சிவப்பாக ஏற்றும் மருந்துக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தமில்லை. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். முதுகில் ஊசி போடும்போது உங்கள் வீட்டில் எதிர்ப்பு வரும், "முதுகெலும்பு வீணாப் போயிடும்" என்பார்கள். ரத்தத்தில் ஏற்றுகிற மருந்து பெரும்பாலும் மூளைக்குள் போதுமான அளவு போகாது, நோய் அங்கே ஒளிந்துகொள்ளும். அந்த ஊசி இல்லாத காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூளையில்தான் நோய் திரும்பியது. தயவுசெய்து அதை மறுக்காதீர்கள்.

சாப்பாட்டில் சூடாக, புதிதாகச் சமைத்தது எதுவும் கொடுக்கலாம். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் நன்றாகச் சாப்பிடட்டும். பழையதும், கடையில் நறுக்கி வைத்த பழமும், கொதிக்கவைக்காத தண்ணீரும் வேண்டாம். மாம்பழத்தைக் கழுவி, நீங்களே தோல் சீவிக் கொடுங்கள்.

நாட்டு மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாளைக்கு யாராவது கொண்டுவருவார்கள். நம் மேட்டு நிலங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் நித்தியகல்யாணி இருக்கிறதே, வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்துதான், 1963-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அதற்காகச் செடியைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் விபரீதம். பெருமளவு இலையிலிருந்து துளி மருந்தைப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில், நரம்பு வழியாக மட்டுமே ஏற்றுகிறார்கள். செடியில் வேறு நஞ்சுகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஏற்கெனவே கீமோ மருந்துகளைச் சுமக்கும் ஈரல் இன்னொரு கஷாயத்தைத் தாங்காது. மெத்தோட்ரெக்சேட்டின் கதையிலும் நமக்குப் பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க டாக்டர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகவாவது அடங்கும் என்று 1948-இல் உலகம் முதல்முறை பார்த்தது அப்போதுதான். மெத்தோட்ரெக்சேட் அதன் தம்பி மருந்து. வெளிநாட்டு மருந்து நமக்கு ஒத்துக்காது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நிலத்தை இப்போது விற்காதீர்கள். முதல் வாரப் பயத்தில் விற்றால் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. இந்த நோய்க்கான அடிப்படை மருந்துகள் பல பழையவை, விலை குறைந்தவை. பணம் கரைவது ரத்தம், பிளேட்லெட், தொற்றுக்கு ஏறும் ஆன்டிபயாடிக், பெங்களூரில் தங்குவது, அப்பாவின் போன கூலி ஆகியவற்றில். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்திலிருக்கும் காப்பீட்டு மையத்துக்கு இந்த வாரமே போங்கள். இப்போது இருக்கும் மருத்துவமனையில் அந்த அட்டை செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். செல்லாது என்றால், அட்டையை ஏற்கும் மையம் ஒன்றுக்கு மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்து லாப நோக்கமில்லாமல் நடப்பது. வேலூர் சி.எம்.சி., புதுவை ஜிப்மர், பெங்களூர் கித்வாய் எல்லாம் இந்த நோயை ஆண்டாண்டாகப் பார்க்கும் இடங்கள். ஆனால் மாற்றுவதானால் ஒருமுறை, டாக்டரின் கடிதத்தோடு, ஒரு தவணைகூடத் தவறாமல் மாற்ற வேண்டும். நல்ல இடம் தேடி மூன்று ஊர் அலைவது பிள்ளைக்குக் கேடு.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை, துணைக்குப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பாலக்கோட்டிலேயே ஸ்டேஷன் இருப்பது உங்களுக்கு வசதி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது இல்லை. முதல் மாதம் முடியும்வரை அம்மாவும் பிள்ளையும் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்கட்டும். யார் எந்த வாரம் துணை, யார் தங்கையைப் பார்ப்பது, யார் ரத்தம் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் எல்லாரும் ஒரே நாளில் வண்டி பிடித்து வந்து கொடுப்பதில் பயனில்லை. முறை வைத்து வாருங்கள். பெற்றவர்களும் நெருங்கிய உறவும் கொடுக்கலாமா என்று ரத்த வங்கியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தப் புற்றுநோய் என்றால் எல்லாம் ஒன்றில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரியவர்களுக்கு வரும் சி.எம்.எல். வகை, 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்ததிலிருந்து, சர்க்கரை நோய் போல மாத்திரையோடு கிட்டத்தட்ட முழு ஆயுள் வாழ்கிற நோயாகிவிட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதன் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்ததால் இந்தியக் கம்பெனிகளின் மலிவான மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது. அதிலும் ஒரே விதிதான், மாத்திரையை விட்டால் நோய் எழும். ஏ.எம்.எல். என்ற இன்னொரு வகை கடுமையானது. அறுபதுக்குக் கீழே உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வரையே முழுதாகக் குணமாகிறார்கள், அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் குறைவு. அதை மறைத்துப் பேசுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். ஆனால் அதற்குள்ளேயே ஏ.பி.எல். என்ற வகைக்கு, முதல் சில நாள் ரத்தப்போக்கைத் தாண்டிவிட்டால், பத்துக்கு ஒன்பது பேர் குணமாகிறார்கள். ஆகவே பெயரை முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் நாள் குறிக்காதீர்கள்.

ஒருவேளை அவனுக்கு நோய் திரும்பினால்? அப்போதும் வழி இருக்கிறது, சிகிச்சை முடிந்து நாள் கழித்துத் திரும்பினால் வாய்ப்பு அதிகம், நடுவிலேயே திரும்பினால் குறைவு. மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது, கூடப்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மருத்துவமனையும் உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு (நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களையே மாற்றிப் புற்றணுவைத் தாக்கவைப்பது) 2023-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது, அப்போது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இதையெல்லாம் இன்றே நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

உங்கள் அக்கா தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், என்ன பாவம் என்று யாரும் கேட்க விடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இதுதான் என்று யாராலும் கைகாட்ட முடியாது. நம் மாவட்டத்து புளோரைடு தண்ணீர் பல்லையும் எலும்பையும் கெடுக்கும், இந்த நோய்க்கு அதைக் காரணமாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம். மாத்திரைக் கட்டம் வந்ததும் கவுண்ட் பார்த்து டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்வார், அனுப்புங்கள். வாத்தியாரிடம் நீங்களே போய்ப் பேசி, அம்மை, காய்ச்சல் பரவினால் உடனே சொல்லச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் வருடாவருடம் இதயம், எலும்பு, வளர்த்தி பார்க்க வேண்டும். இந்த நோயிலிருந்து மீண்ட பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பெறுவதில் தடை வருவதில்லை.

தங்கைக்குச் சோதனை எதுவும் தேவையில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அவளுக்குத் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள், போலியோ மட்டும் சொட்டு மருந்தா ஊசியா என்பதை அண்ணனின் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அம்மா பெங்களூரில் இருக்கிற மாதங்களில் அவளை யாராவது தினமும் போனில் அம்மாவிடம் பேசவையுங்கள்.